அரசி வாங்கிய லைன் கிளியர்

பிப்ரவரி 8, சனி

காலை 6.00. வீட்டு வோல்டேஜ் 226. வானம் தெளிவு.

டைரியில் போய் யாராவது வோல்டேஜ் எழுதுவார்களா என்று அரசி கேட்கிறாள். முப்பத்து நான்கு வருஷம் சப்ஸ்டேஷன் ஆபரேட்டராக மணிக்கொரு தரம் லாக் புக் எழுதிய கை இது. ஓய்வு கொடுத்தது எனக்கு, கைக்கு இல்லை.

இன்று மதுரைப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்பு கணித வினாவங்கிப் புத்தகத்தை இந்த வருஷமும் அரசியே டைப் செய்து, பக்கம் கட்டித் தரலாமாம். ஆனால் ஒரு நிபந்தனை. திருத்தம் சொன்னால் அரை மணிக்குள் ஃபைல் அவர்கள் கைக்கு வர வேண்டும். வருகிற 24ஆம் தேதி திங்கள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை சோதனை. அதில் தேறாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

பன்னிரண்டு வருஷமாக இந்தப் புத்தகம் அரசியுடையது. வர்க்கமூலக் குறியும் பின்னமும் தமிழ் எழுத்தும் ஒரே வரியில் ஒழுங்காக உட்கார வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் அவளை விட்டால் ஆள் கிடையாது. புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் டைப் செய்த பக்கத்தில் பிழை கண்டுபிடித்தால் காபி போட்டுத் தருகிறேன் என்று பந்தயம் கட்டுவாள். இதுவரை ஒரு காபிகூட எனக்குக் கிடைத்ததில்லை.

சிக்கல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இருபத்தோரு வயசு அதற்கு. புதுசு வாங்க முடியாது. அவளுடைய டைப்பிங் சாஃப்ட்வேருக்கு டாங்கிள் என்று ஒரு கட்டை உண்டு. அதைப் பின்னால் பிரிண்டர் செருகுகிற இடத்தில் மாட்டியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். இப்போது வருகிற எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த இடமே கிடையாது. இத்தனை நாளும் பென்டிரைவில் ஏற்றி, மாடி ஏறி பிரவுசிங் சென்டரில் கொடுத்து அனுப்பி வந்தாள். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் குளியலறையில் வழுக்கி இடது கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டு, வாக்கர். அதன்பின் நான் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு போனேன். வைரஸோடு திரும்பி வந்தேன். ஒரு அத்தியாயம் முழுக்கப் போயிற்று. "இனிமே பென்டிரைவ் இந்த மிஷினுக்குள்ள வரக்கூடாது"ன்னு சொல்லிவிட்டாள்.

முன்னறை ரவுட்டரிலிருந்து பின்னறைக்கு கேபிள் இழுத்தால் முடிந்தது. ஆனால் வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார். நடக்கிற வழியில், தரையில் ஒயர் ஓட நான் விடமாட்டேன். வாக்கரோடு நடக்கிறவள் இருக்கிற வீட்டில் அது கொலைக்குச் சமம்.

ஆக வைஃபை. ஒயர் இல்லாமல். கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் அவள் போனுக்கு வர வேண்டும், போனிலிருந்து மதுரைக்குப் போக வேண்டும். அரசி பேப்பரில் அம்புக்குறி போட்டுக் காட்டினாள். எங்கள் சப்ஸ்டேஷன் ஃபீடர் லைன் படத்தை விடத் தெளிவாக இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வோல்டேஜ் 230. கத்தரிக்காய் நான் நறுக்கினேன். அரசி மறுபடி நறுக்கினாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முருகன்குறிச்சிக் கடையில் வைஃபை குச்சி வாங்கினேன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகினால் காற்றிலிருந்து நெட் பிடித்துக் கொடுக்குமாம். கூடவே ஒரு குட்டி சி.டி. அதைப் போட்டால்தான் கம்ப்யூட்டருக்கு இந்தக் குச்சி யார் என்று தெரியும்.

சி.டி. போடுகிற தட்டு திறக்கவில்லை. வருஷக்கணக்காகத் திறந்ததில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். அரசி ஒரு பார்வை பார்த்தாள். கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டி, தட்டுக்குக் கீழே இருந்த ஊசித்துளையில் விட்டு ஒரு அழுத்து அழுத்தினாள். தட்டு நாக்கு நீட்டிக்கொண்டு வந்தது.

"அந்த ஓட்டை எதுக்கு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா, எதையாவது விடத்தானே இருக்கும்."

இந்தப் பொம்பளையைப் பொறியியல் படிக்க வைக்காதது அவள் அப்பா செய்த தப்பு.

பிப்ரவரி 12, புதன்

காலை 10.15. முதல் முயற்சி.

அரசி பின்னறையில் குச்சியைக் கையில் எடுத்தாள். நான் முன்னறைக்கு வந்து, செய்ய வேண்டியதைச் செய்தேன்.

இதை எழுதி வைக்கிறேன். லைனில் ஆள் ஏறுமுன் ஆபரேட்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பெயர் லைன் கிளியர். ஆபரேட்டர் சப்ளையை நிறுத்தி, சுவிட்சில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று அட்டை மாட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். இறங்கியபின் அதே தாள் எழுத்தில் திரும்பி வந்தால்தான் சுவிட்சைப் போடலாம். லைனின் கடைசியில் கை இருந்தால் அதன் தலைமாட்டில் சப்ளை இருக்கக்கூடாது. முறை என்றால் முறை.

10.50. சி.டி. ஓடிவிட்டது. திரையின் மூலையில் சின்னதாக ஏணிப்படி மாதிரி கோடுகள். பக்கத்து வீட்டுப் பெயர்கள் மூன்று வந்தன. எங்கள் ரவுட்டர் பெயர் மட்டும் வரவில்லை. அரசி மவுஸை விட்டு எழுந்தாள். 11.20.

"ஊரார் வீட்டு நெட்டெல்லாம் தெரியுது. நம்ம வீடு தெரியல. நல்லா இருக்குலா"ன்னாள்.

குச்சி சரியில்லை போல.

பிப்ரவரி 13, வியாழன்

கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். ஐந்து விநாடியில் வேலை செய்தது. "சார், குச்சி தங்கம்" என்றார். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். வோல்டேஜ் 222, இதுவும் குறைவு.

பிப்ரவரி 15, சனி

இரண்டாம் முயற்சி. 9.30 முதல் 11.00 வரை.

அதே மூன்று பெயர்கள். அரசி பின்னறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, ரவுட்டர்ல லைட் எரியுதா பாருங்க."

"மவுஸை விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. "எரியுதே" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எரிந்தது.

அவள் கோபப்படவில்லை. ஒரு நோட்டை எடுத்து நாள், நேரம், என்ன செய்தாள், என்ன வந்தது என்று கட்டம் போட்டு எழுதினாள். என் லாக் புக்கைக் கேலி செய்த அதே ஆள்தான். நான் ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து என் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று மனசுக்குள் சந்தோஷம்தான். அவள் எழுத்து என் எழுத்தை விட நேராக இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

பாங்கில் வேலை. 10.00க்குப் போய் 12.40க்குத் திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போதே அரசியின் குரல்.

"வந்துட்டுங்க! நம்ம பேரு வந்துட்டு!"

நடந்ததைச் சொன்னாள். நான் போன கொஞ்ச நேரத்தில் எங்கள் ரவுட்டர் பெயர் தானாகவே வந்து நின்றதாம். ஆனால் பாஸ்வேர்ட் போட்டால் உள்ளே விடவில்லையாம். மூன்று தரம் பார்த்துவிட்டு, ரவுட்டர் டப்பாவிலிருந்த புத்தகத்தைப் பொடி எழுத்தோடு முழுக்கப் படித்திருக்கிறாள். ரவுட்டருக்குப் புதுரகப் பூட்டு. நம் கம்ப்யூட்டர் காலத்தில் அந்தப் பூட்டே பிறக்கவில்லை. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்லா"ன்னு சிரித்தாள். போனிலிருந்தே ரவுட்டருக்குள் போய், ஒரு படி பழைய பூட்டுக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் நீளமாக்கி, மறுபடி முயன்றாள். சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் வட்டக் கணக்கை போனுக்கு அனுப்பியும் பார்த்துவிட்டாள்.

மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, தனி ஆளாக. எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்கள் உண்டு. இவள் செக்கையே செய்துவிடுவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இருங்க, முதல்ல இருந்து காட்டுதேன்"னு குச்சியை உருவி, மறுபடி கையில் எடுத்தாள்.

நான் முன்னறைக்கு வந்துவிட்டேன்.

பத்து நிமிஷம் பார்த்தாள். பெயர் வரவில்லை. அவள் முகம் போன போக்கை எழுத விருப்பமில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. வோல்டேஜ் 231.

பிப்ரவரி 19, புதன்

மதுரையிலிருந்து போன். திங்கள் சரியாக வந்துவிடுமா, இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், சிவகாசியில் ஒரு ஆள் தயாராக இருக்கிறார் என்றார்கள்.

"நானே செஞ்சிடுவேன் சார்"னாள் அரசி. குரலில் ஆட்டமே இல்லை. போனை வைத்தாள்.

பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்துக்கு வலப்பக்கம் புதுசாக ஒரு கோடு போட்டு, மேலிருந்து கீழ்வரை ஏதோ நிரப்பினாள். நான் போனால் மூடிவிட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

காலை 10.05. அரசி பின்னறையில் நாற்காலியை இழுக்கும் சத்தம். "குச்சியைச் செருகுதேன்" என்று குரல் கொடுத்தாள். நான் முன்னறையில் சுவிட்ச் போர்டுக்குப் போனேன்.

வாக்கர் சத்தமே கேட்கவில்லை. வாக்கரின் நாலு காலுக்கும் துணி சுற்றியிருக்கிறாள். திரும்பினால் வாசற்படியில் நிற்கிறாள். என் கை ரவுட்டர் சுவிட்சில் இருந்தது. சுவிட்சை அணைத்திருந்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த நோட்டைத் திறந்து காட்டினாள். வலப்பக்கம் புதுசாகப் போட்டிருந்த கட்டத்தின் தலைப்பு: 'அவங்க வீட்டில்'. அந்தக் கட்டத்தில் எங்கெல்லாம் 'ஆம்' இருந்ததோ, அங்கெல்லாம் இடப்பக்கம் பெயர் வரவில்லை. ஒரே ஒரு 'இல்லை'. அது 17ஆம் தேதி, நான் பாங்கில் இருந்த நேரம்.

"இந்தக் குச்சி வெறும் அஞ்சு வோல்ட்டுங்க" என்றாள். "ரவுட்டருக்கும் இதுக்கும் நடுவுல ஒயரே கிடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ கை வச்சிருக்கேன்னு தெரிஞ்சா என் கை தானா அங்க போயிடுது, அரசி."

வெட்கமாக இருந்தது. ஒரு வாரமாக அவள் தேடிய கோளாறு நான்தான். என் வீட்டிலேயே கள்ளன். திங்கட்கிழமை காலையில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விடுகிறேன், ஒரு மணிக்குமேல் வருகிறேன் என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

அவள் வாக்கரை ஒரு தட்டுத் தட்டி வைத்தாள். "நீங்க வெளிய போனாத்தான் என் வேல நடக்கும்னா, அப்படி ஒரு வேல எனக்கு வேண்டாம். மதுரைக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடுதேன்."

பிறகு என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"பூல்பாண்டியனா?"

இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

எந்த டைரியிலும் எழுதாததை இன்று எழுதுகிறேன்.

1998 நவம்பர். மழை. இரண்டு கேங் ஆட்கள் வேலைக்கு வெளியே போயிருந்தார்கள், இரண்டு ஃபீடர் லைனில். இரண்டுக்கும் லைன் கிளியர் கொடுத்தவன் நான். மாலை 3.40க்குப் போன் வந்தது. வேலை முடிந்துவிட்டது சார், லைனை சார்ஜ் பண்ணலாம் என்றார்கள். தாள் எழுத்தில் திரும்பி வந்தபின்தான் போட வேண்டும். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, ஆளுக்கு ஆள் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். தாள் பின்னால் வரும் என்று நினைத்தேன். எந்த கேங் என்றுகூடக் கேட்கவில்லை. இவர்களாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து ஒரு ஃபீடரைப் போட்டேன்.

போன் செய்தது மற்ற கேங். நான் போட்ட லைனில் பூல்பாண்டியன் கம்பத்தின் மேல் இருந்தான். இருபத்தாறு வயசு. ஹெல்பராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

விசாரணை நடந்தது. போன் செய்தவர் கேங் பெயர் சொல்லாதது தவறு என்று எழுதினார்கள். என்னை ஆறு மாசம் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். பிழை என்னுடையது. இதை எழுத இருபத்தேழு வருஷமாகியிருக்கிறது.

அன்றைக்கு அரசி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எட்டு நாள் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவள் தைரியத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் குச்சியிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

வோல்டேஜ் 227. பீரோவிலிருந்த என் பழைய விதிமுறைப் புத்தகத்தைக் காணோம். அரசி காலையிலிருந்து பின்னறையில் எதையோ டைப் செய்கிறாள். வினாவங்கியாக இருக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

"நாளைக்கு ஒம்போது மணிக்கு சட்டை போட்டுக்கிட்டு ஹால்ல உக்காருங்க"ன்னாள். பனியனோடு உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன். "டூட்டிக்கு பனியனோட போவீங்களா?" என்றாள்.

என்னமோ செய்யப்போகிறாள். மதுரைக்கு இன்னும் முடியாது என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

9.00. வோல்டேஜ் 229. சட்டை போட்டு உட்கார்ந்தேன்.

9.10. அரசி வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தாள். இரண்டு கையும் வாக்கரில், இடுப்பில் மடித்துச் செருகிய தாள். எடுத்து நீட்டினாள். அவளுடைய சாஃப்ட்வேரில் கட்டம் கட்டி, பழைய புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து செய்திருந்தாள்.

'லைன் கிளியர் படிவம். எண்: 1. வேலை: கணினியில் வைஃபை குச்சி செருகுதல். இடம்: பின்னறை. கேட்பவர்: உ. மங்கையர்க்கரசி. கொடுப்பவர்: உலகநாதன், ஆபரேட்டர், முன்னறை.'

சிரிக்கலாமென்று நிமிர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"லைன் கிளியர் குடுங்க" என்றாள்.

9.14. ரவுட்டர் சுவிட்சை அணைத்தேன். படிவத்தோடு ஒரு அட்டையும் செய்து வைத்திருந்தாள், 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று. அதை சுவிட்ச் மேல் ஒட்டினேன். நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாளை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். வாக்கர் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். போக இருபத்திரண்டு அடி.

உள்ளே ஒரு சின்ன 'டக்'. குச்சி உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். முடிந்துவிட்டது, போடுங்க என்று. அவள் குரல் கொடுக்கவில்லை. மறுபடி வாக்கர் சத்தம். முறிந்த காலோடு அந்த இருபத்திரண்டு அடியையும் திரும்ப நடந்து வந்தாள். வந்து என் முன்னால் நின்று, தாளைக் கொடுத்தாள்.

படிவத்தின் கீழ்ப்பாதி நிரம்பியிருந்தது.

'ஆட்கள், கருவிகள் அனைத்தும் விலகின. லைனை சார்ஜ் செய்யலாம். இந்த நேரம் முதல் லைன் உயிரோடு இருப்பதாகவே கொள்ளப்படும். வேலைக்கு ஏறியவர் ஒருவர். இறங்கியவர் ஒருவர்.'

கீழே அவள் கையெழுத்து. நேரம் 9.26.

கடைசி வரி எங்கள் படிவத்தில் கிடையாது. அவளே சேர்த்தது.

நான் இரண்டு தரம் படித்தேன். அப்புறம் அவள் கைகளைப் பார்த்தேன். இரண்டும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் கண்ணெதிரே இருந்தன. எழுத்துகள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. பத்து மணிக்கு மதுரை காத்திருக்கிறது, இவள் என்னவோ நாள் முழுக்க நேரம் இருக்கிற மாதிரி நின்றாள்.

9.31. அட்டையை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

9.34. பச்சை விளக்கு.

10.02க்கு முதல் திருத்தம் வந்தது. நான் பின்னறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் விரல்கள் கீபோர்டில் போவதைப் பார்த்தேன். கை என்று நினைத்த மாத்திரத்தில் என் கால் இரண்டு தரம் எழுந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், தாள் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். முக்கோணவியல், வட்டம், புள்ளியியல். பதினேழு பக்கம். அதிகமாக எடுத்த பக்கத்துக்கே பத்தொன்பது நிமிஷம்தான். ஒரு இடத்தில் அவர்கள் அனுப்பிய விடையே தப்பு என்று இவள் திருத்தி அனுப்பினாள்.

1.05க்கு மதுரை கூப்பிட்டது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, இந்த வருஷமும் நீங்களே பண்ணிடுங்க. இவ்வளவு வேகமா வரும்னு நாங்க நெனைக்கல. புது கம்ப்யூட்டர் வாங்கிட்டீங்களா?"

"இல்ல சார். பழசுதான்" என்று என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் பக்குவமா சொன்னா கேட்டுக்கிடும்."

என்னைத்தான் சொல்கிறாள் என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். சாப்பாட்டுக்கு நான் ரசம் வைத்தேன். குறை சொல்லாமல் குடித்தாள். அதற்கும் தைரியம் வேண்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலை 6.00. வோல்டேஜ் 228. லைன் கிளியர் எண் 1-ஐ இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அரசி வேலையில் இருக்கிறாள். சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது.